பஸ் ஏறாத மலைகள்

தேனியிலிருந்து இடுக்கிக்கும் பொள்ளாச்சியிலிருந்து பறம்பிக்குளத்துக்கும் பிழைப்பைச் சுமந்து ஏறுகின்றன ஜீப்புகள். சட்டத்தின் பார்வையில் அவற்றில் பாதிக்குப் பெயரே இல்லை.

விடியற்காலை நாலரை மணிக்கே தேனி மாவட்டத்தின் மேற்கு ஓரத்து ஊர்கள் விழித்துக்கொள்கின்றன. கூடலூர், கம்பம், கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம், போடி. தெருமுனையில் தூக்குச்சட்டியும், மழைக்குத் தலையில் கவிழ்த்துக்கொள்ள சாக்குக் கொங்காணியுமாகப் பெண்கள் நிற்கிறார்கள். இதற்காக அவர்கள் மூன்று மணிக்கே எழுந்து உலை வைத்திருக்க வேண்டும். ஹெட்லைட்டில் ஒன்று மங்கிய ஜீப் வந்து நிற்கிறது. ஏறும் வரிசைக்குச் சட்டம் எதுவும் எழுதப்படவில்லை, ஆனாலும் யாரும் மீறுவதில்லை. முட்டி வலிக்கும் வயதானவர்களுக்கு முன் சீட். வாந்தி எடுப்பவர்களுக்குப் பின்பக்க ஓரம். புதிதாக வேலைக்கு வரும் இளம்பெண்களுக்கு நடுவில் கிடைக்கும் இடுக்கு. ஓட்டுநர் சிலருக்குத் தம்பி, சிலருக்கு அண்ணன். எட்டு, ஒன்பது பேருக்கு என்று கம்பெனி செய்த வண்டியில் பதினைந்து பேர் அடைந்த பிறகுதான் கியர் விழுகிறது.

போகும் இடம் இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்கள். வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை, சாந்தன்பாறை, பூப்பாறை. இந்தியாவில் விளையும் ஏலக்காயில் பெரும்பகுதி இந்த மலைகளிலிருந்துதான் வருகிறது. ஆடி, ஆவணியில் தொடங்கும் காய் எடுப்பு தை, மாசி வரை நீள்கிறது. ஒரே நாளில் தோட்டத்தை வழித்து எடுத்துவிட முடியாது. தூரின் அடியில் தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும் சரத்தில் முற்றிய காயை மட்டும் கிள்ள வேண்டும். மீதியை அடுத்த சுற்றுக்கு விட வேண்டும். அட்டை கடிக்க, ஈரத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை. இயந்திரம் இதுவரை இந்த வேலையைக் கற்றுக்கொள்ளவில்லை. அதற்குத் தேவை பெண்களின் விரல்கள். அந்த விரல்கள் மலையின் கிழக்குச் சரிவுக்குக் கீழே, வேறொரு மாநிலத்தில் வசிக்கின்றன.

பஸ் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. லோயர் கேம்ப் வழியாகக் குமுளிக்கும், கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கும், போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி போடிமெட்டுக்குமாக மூன்று தார்ச்சாலைகள் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டுகின்றன. மூன்றிலும் பஸ்கள் ஓடுகின்றன. ஆனால் பஸ்சுக்கு ஒரு குணம் உண்டு: அது சாலையை விட்டு இறங்காது. ஏலத்தோட்டமோ சாலையை விட்டு இரண்டு மைல், மூன்று மைல் உள்ளே, கல்லும் சேறுமான பாதையின் முடிவில் இருக்கிறது. காலை எட்டு மணிக்கெல்லாம் தோட்டத்தில் நின்றாக வேண்டும். மாலையில் வேலை முடிந்து தூக்குச்சட்டியைக் கழுவும் நேரத்தில் கீழே இறங்க வண்டி தயாராக இருக்க வேண்டும். எந்தப் போக்குவரத்துக் கழகத்தின் கால அட்டவணையும் இந்த இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்து நிறைவேற்றியதில்லை. குமுளியில் தமிழ்நாட்டு பஸ்கள் எல்லைக்கோட்டின் இந்தப் பக்கமே நின்றுவிடுகின்றன. நடந்து கேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் வேறு பஸ் பிடிக்க வேண்டும். சுற்றுலாப் பயணிக்கு அது வேடிக்கை. தினக்கூலிக்கு அது அரை மணி நேரக் கூலி.

2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கின் பெண்களுக்கும் அந்தச் சலுகை உண்டு, மலையடிவாரம் வரை. அதற்கு மேல் ஜீப்தான்.

இந்த ஜீப் ஏற்பாட்டுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பெரும்பாலும் வாடகையைத் தோட்டக்காரர் தருகிறார், அல்லது கூலியோடு சேர்த்துக் கணக்குப் பார்க்கப்படுகிறது. பல ஊர்களில் ஓட்டுநரே ஆள் சேர்ப்பவரும்கூட. எந்தத் தோட்டத்தில் எத்தனை பேர் வேண்டும், எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யார் நேற்று முன்பணம் வாங்கினார் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. ஒரு காலத்தில் கங்காணி செய்த வேலையில் பாதியை இன்று ஸ்டியரிங் பிடித்தவர் செய்கிறார். ஆள் கூடக்கூட அவருக்கு லாபம். நடை குறையக்குறைய டீசல் மிச்சம். வண்டியின் பக்கக் கம்பியில் இரண்டு பேர் தொங்குவதன் பொருளாதாரம் இதுதான். இதில் ஓட்டுநரை மட்டும் வில்லனாக்குவது எளிது. ஒரே ஜீப்பில் வரச் சொல்லி ஒரே வாடகை தருபவர் யார் என்பதையும் கேட்க வேண்டும்.

மலைக்கு மேலே நிலைமை இன்னும் விசித்திரம். அங்கே ஓடுவது 'டிரிப் ஜீப்'. ஜங்ஷனில் நிற்கும், ஆள் சேர்ந்தால் கிளம்பும், கைகாட்டிய இடத்தில் நிற்கும், தலைக்கு இவ்வளவு என்று வாங்கும். பள்ளிக்கூடப் பிள்ளை, ரேஷன் அரிசி, கேஸ் சிலிண்டர், பிரசவ வலி எடுத்த பெண் எல்லாம் அதில்தான். உலகில் இதற்கு உறவினர்கள் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்க ராணுவம் விட்டுச் சென்ற ஜீப்புகளை நீட்டி வளைத்து பிலிப்பைன்ஸ் மக்கள் உருவாக்கிய 'ஜீப்னி', கென்யாவின் 'மடாட்டு' எல்லாம் இதே வம்சம். இந்தியாவில் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது 1947-ல். போருக்காகப் பிறந்த வண்டி, இடுக்கியில் ஏலக்காய்க்காகவும் தேயிலைக்காகவும் ஓய்வுபெறாமல் உழைக்கிறது.

சிக்கல் சட்டத்தில் இருக்கிறது. 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பயணிகள் வண்டியை இரண்டு விதமாகப் பிரிக்கிறது. தனித்தனியாகக் கட்டணம் வாங்கி, வழியில் ஏற்றி இறக்கிப் போவது ஒரு வகை. அதற்குத் தடம், நேரம், பர்மிட் எல்லாம் வேண்டும். அது பஸ்சின் உலகம். முழு வண்டிக்கும் வாடகை பேசி ஒரு கூட்டத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது இரண்டாவது. அது டாக்சியின் உலகம். தோட்டக்காரர் பேசி அனுப்பும் ஜீப், இருக்கைக்குத் தகுந்த ஆளை ஏற்றினால் இரண்டாவது வகையில் அடங்கிவிடும். டிரிப் ஜீப் எதிலும் அடங்காது. டாக்சி பர்மிட்டில் பஸ் வேலை செய்கிறது. சொந்த உபயோகத்துக்கென்று பதிவு செய்த வண்டியானால் அந்த பர்மிட்டும் கிடையாது. மாநில எல்லையைத் தாண்டினால் இன்னொரு பர்மிட், இன்னொரு வரி. 2019-ல் சட்டத்தைத் திருத்தியபோது கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு பயணிக்கும் ரூ. 200 அபராதம் என்று நிர்ணயித்தார்கள். அபராதம் வந்தது. மாற்று வண்டி வரவில்லை.

அபராதத்தைவிடப் பெரிய தண்டனை ஒன்று இருக்கிறது. அது ஓட்டுநருக்கல்ல, பயணிக்கு. 42 பேருக்கு அனுமதி பெற்ற ஒரு பஸ்சில் 90 பேர் சென்று விபத்துக்குள்ளான வழக்கில் 2007-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழியைச் சொன்னது: காப்பீட்டு நிறுவனம் 42 பேருக்குத்தான் பொறுப்பு. தீர்ப்பான இழப்பீடுகளில் அதிகமான 42 தொகைகளைக் கூட்டி, அதை எல்லோருக்கும் விகிதப்படி பங்கிட வேண்டும். பாக்கியை வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கை ஜீப்புக்குப் போட்டுப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. ஒன்பது பேருக்குள்ள காப்பீட்டைப் பதினைந்து குடும்பங்கள் பங்கிட வேண்டும். மீதிக்கு, பழைய ஜீப் ஒன்றைத் தவிர வேறு சொத்தில்லாத ஒருவரின் வாசலில் போய் நிற்க வேண்டும்.

இது வெறும் கற்பனைக் கணக்கல்ல. 2023 ஆகஸ்ட் 25 அன்று வயநாடு மாவட்டம் மானந்தவாடிக்கு அருகே தலப்புழையில் தேயிலைத் தோட்ட வேலை முடிந்து திரும்பிய ஜீப் பள்ளத்தில் உருண்டது. இறந்தவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் பெண்கள். இப்படி ஒரு விபத்து நடந்தால் சில வாரங்களுக்கு மலைச்சாலைகளில் சோதனை கடுமையாகும். ஜீப்புகளில் ஆள் குறையும். இறக்கிவிடப்பட்டவர்களுக்கு அன்றைய கூலி போகும். பிறகு பழையபடி ஆகும்.

இந்த மலைகளுக்கும் கீழே உள்ள ஊர்களுக்கும் உள்ள உறவு ஜீப்பைவிடப் பழையது. மூணாறின் தேயிலைக்காக 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908-ல் அது சிறு ரயிலானது. டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்த தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போயின. 1924 வெள்ளம் ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு அது திரும்பக் கட்டப்படவில்லை. தேயிலைப் பெட்டிக்கு நூறு வருடத்துக்கு முன்பே ஒரு ரயிலும் ஒரு ரோப்வேயும் கிடைத்தன என்பதைக் கவனிக்க வேண்டும். அதைப் பறித்தவர்கள் நடந்துதான் மலையேறினார்கள்.

1956-ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் பெரும் போராட்டத்துக்குப் பிறகும் கேரளத்தோடு போயின. ஆனால் மக்கள் போக்குவரத்து கோட்டை மதிக்கவில்லை. 1958-ல் தேவிகுளம் சட்டமன்ற இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்காகத் தமிழ்த் தொழிலாளர்களிடையே பாட்டுப் பாடி ஓட்டுக் கேட்டவர் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன். அவருடைய தம்பி இளையராஜாவின் பெயரை எல்லோரும் அறிவார்கள். அந்தப் பண்ணைப்புரத்திலிருந்து இன்றும் தோட்டத்துக்கு ஆள் போகிறது.

எல்லை திடீரென்று நிஜமாகிவிடும் நாட்களும் உண்டு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றியபோது மலைச்சாலைகள் மூடப்பட்டன. தோட்டங்களில் தமிழ்ப் பெண்கள் மிரட்டப்பட்டார்கள், தாக்கப்பட்டார்கள் என்ற புகார்கள் கம்பம் பள்ளத்தாக்கைக் கொதிக்க வைத்தன. ஜீப் நின்றது, பலர் மூட்டை முடிச்சோடு காட்டுப்பாதைகளில் நடந்தே இறங்கினார்கள். அதுவோ காய் எடுப்புக் காலம். மேலே பறிக்க ஆளின்றிக் காய் உதிர்ந்தது. கீழே அடுப்பெரியக் கூலி இல்லை. அணையின் உயரம் பற்றி இரண்டு தலைநகரங்கள் வாதாடியபோது அதற்கான கட்டணத்தை இந்த இரு தரப்பும் கட்டின. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மீண்டும் அதே கதை. இந்த முறை மறித்தது அரசியல் அல்ல, கிருமி. தொழிலாளர்கள் இ-பாஸுக்குக் காத்திருந்தார்கள். ஏலக்காய்க்கு இந்தத் தொல்லைகள் குறைவு. புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்துக்கு மூட்டை மூட்டையாக எடையும் தரமும் பதிவாகி அது பயணம் செய்கிறது. அதைக் கிள்ளியவர்கள் எத்தனை பேர் காலையில் மேலே போனார்கள், மாலையில் எத்தனை பேர் இறங்கினார்கள் என்று எழுதி வைக்கும் பேரேடு எந்தச் செக்போஸ்ட்டிலும் இல்லை.

எல்லையைக் கொஞ்சமும் பொருட்படுத்தாத ஒரே பயணி அரிக்கொம்பன்தான். 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்து பெரியாறு காட்டில் விடப்பட்ட அந்த யானை, மே மாதம் கம்பம் நகருக்குள் நடந்து வந்தது. பர்மிட் கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

மாநில எல்லையின் குறும்பைப் பார்க்கக் கொழுக்குமலைக்குப் போக வேண்டும். 7,000 அடிக்கு மேல் உள்ள அந்தத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில், தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆனால் வண்டி போகும் ஒரே வழி கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து. பாறைகள் துருத்திய அந்தப் பாதையில் ஜீப்பைத் தவிர வேறெதுவும் ஏறாது. சூரியோதயம் பார்க்க வரும் பயணிகளைக் கணக்காக ஏற்றிக்கொண்டு வரிசை முறையில் ஜீப்புகள் கிளம்புகின்றன. முறை, கட்டணம், ஆள் எண்ணிக்கை எல்லாம் நிர்ணயிக்கப்பட்டிருக்கின்றன. ஜீப்பை ஒழுங்குபடுத்த முடியாது என்று சொல்பவர்கள் இதைப் பார்க்கலாம். முடிகிறது, பயணி சுற்றுலாக்காரராக இருந்தால்.

இதற்கு நேர் எதிர்க் கண்ணாடி பாலக்காட்டின் பறம்பிக்குளம். அது கேரள மண். ஆனால் அங்கே போக வேண்டுமென்றால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டின் ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் புகுந்து, ஆனைப்பாடியில் மறுபடி கேரளத்துக்குள் நுழைய வேண்டும். பாலக்காட்டிலிருந்து ஏறக்குறைய 100 கி.மீ. பறம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகள் கேரளத்தில் இருந்தாலும், பறம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி அவற்றைக் கட்டிப் பராமரிப்பது தமிழ்நாடு. அதனால் தமிழ்நாட்டு பஸ் அங்கே போகிறது. கேரள பஸ்சும் போகிறது. இரண்டையும் சேர்த்தாலும் ஒரு நாளின் நடைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மாலையில் செக்போஸ்ட் அடைத்துவிட்டால் விடியும் வரை வெளியுலகம் இல்லை.

காடர், மலசர், மலைமலசர், முதுவர் என்ற நான்கு பழங்குடியினரின் ஊர்கள் இந்தக் காட்டுக்குள் இருக்கின்றன. அவர்களுடைய பஞ்சாயத்து முதலமடை. அது மலைக்குக் கீழே, மாம்பழத்துக்குப் பேர்போன சமவெளியில் இருக்கிறது. சொந்தப் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு சான்றிதழ் வாங்க இன்னொரு மாநிலத்தைச் சுற்றி வர வேண்டிய குடிமக்கள் இந்தியாவில் அதிகம் இருக்க மாட்டார்கள். பஸ்சைத் தவறவிட்டால் ஜீப். ஒரு குடும்பம் தனியாகப் பேச முடியாத வாடகை என்பதால் ஊரே சேர்ந்து பேசும். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்குப் பாங்கில் வேலை, ஒருவருக்கு ரேஷன் அட்டையில் பெயர் திருத்தம். எல்லாம் ஒரே நாளில் வைத்துக்கொண்டால்தான் கட்டுப்படியாகும். காய்ச்சல் அந்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டும்.

இங்கேயும் பழைய தண்டவாளம் ஒன்று உண்டு. கொச்சி சமஸ்தானம் 1907-ல் பறம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடிக்குத் தேக்குமரம் இறக்க ஒரு டிராம் பாதை போட்டது. செங்குத்தான சரிவுகளில் இறங்கும் வண்டியின் எடையே ஏறும் வண்டியை இழுக்கும் அற்புத ஏற்பாடு அது. வெட்ட மரம் குறைந்து, நஷ்டம் கூடி, 1963-ல் மூடிவிட்டார்கள். மரங்களுக்கு மேற்கே ஒரு நேர்வழி கிடைத்தது. மனிதர்களுக்குக் கிழக்கே சுற்றுவழி.

நெல்லியாம்பதியிலும் 2018 ஆகஸ்ட் மழையில் மலைச்சாலை சரிந்து தோட்டத் தொழிலாளர்கள் துண்டிக்கப்பட்டார்கள். மூணாறுக்கு அப்பால், 2010-ல் கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தாக உருவான இடமலக்குடியில் முதுவர்கள் நோயாளியைக் கம்பில் கட்டிய துணி மஞ்சலில் சுமந்துதான் ஜீப் நிற்கும் இடத்துக்கு வர வேண்டியிருந்தது. ஜீப் வரும் இடமே அங்கே முன்னேற்றத்தின் எல்லைக்கல்.

அரசுகள் சும்மா இருந்தன என்று சொல்ல முடியாது. தமிழ்நாடு 1997-ல் மினி பஸ் திட்டத்தைத் தொடங்கியது. 2025-ல் அதற்குப் புதிய வடிவம் கொடுத்தது. கேரளத்தில் 2022-ல் 'கிராம வண்டி' வந்தது: உள்ளாட்சி அமைப்பு டீசல் செலவை ஏற்றுக்கொண்டால் போக்குவரத்துக் கழகம் பஸ்சும் ஆளும் தரும். பழங்குடிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்ல 'வித்யாவாகினி' என்ற திட்டம் ஜீப்புகளையே வாடகைக்கு எடுக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, அரசே ஜீப்பை நம்பும் இடத்தில் ஜீப் முறையான வண்டியாகிவிடுகிறது என்பது. பிரிட்டனில் 1985-ம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டத்தில், லாப நோக்கமின்றி ஊரார் சேர்ந்து நடத்தும் பஸ்சுக்கென்றே தனி பர்மிட் உண்டு. இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு அறை ஒதுக்கப்படவில்லை. இரண்டு மாநிலங்களின் போக்குவரத்துத் துறைகள் உட்கார்ந்து பேசினால், தோட்டத் தொழிலாளர் ஜீப்புக்கு எல்லை தாண்டும் ஒரு பர்மிட், எத்தனை பேர் என்ற வரம்பு, ஏறிய அனைவருக்கும் காப்பீடு என்று மூன்று விஷயங்களை முடிப்பது அணைத் தகராறைப் போலக் கடினமல்ல. ஆனால் ஜீப்பில் போகும் பெண்களின் ஓட்டு ஒரு மாநிலத்தில், உழைப்பு இன்னொரு மாநிலத்தில்.

பறம்பிக்குளம் காட்டில் தேக்கடி என்று ஓர் ஊர் இருக்கிறது. படகுச் சவாரிக்குப் பேர்போன இடுக்கித் தேக்கடி அல்ல. இதற்குச் சுற்றுலாப் பயணிகள் வருவதில்லை. இங்கிருந்து முதலமடைப் பக்கத்துச் செம்மணாம்பதிக்கு காட்டு வழியாக மூன்று கி.மீ. தூரம்தான். வண்டியில் போவதென்றால் தமிழ்நாட்டைச் சுற்ற வேண்டும். வருடக்கணக்கில் மனுக் கொடுத்துப் பார்த்த பழங்குடி மக்கள் 2020 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று மண்வெட்டியும் அரிவாளும் எடுத்துக்கொண்டு ஆணும் பெண்ணுமாகக் காட்டுக்குள் இறங்கி வழி வெட்டத் தொடங்கினார்கள். அனுமதி, விதிமீறல் என்ற பேச்சுகள் பின்னால் வந்தன. 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டமோ, கிராம சபை பரிந்துரைத்தால், ஒரு ஹெக்டேருக்கும் குறைவான வனநிலத்தில், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல் சாலை போட ஏற்கெனவே வழி சொல்லியிருக்கிறது. அவர்கள் நெடுஞ்சாலை கேட்கவில்லை. படுக்க வைத்த நோயாளியோடு ஒரு ஜீப் போகும் அகலம் போதும் என்றுதான் வெட்டினார்கள்.